மதலேனாவின் நாலு மணி

வீட்டில் ஒரு பித்தளைச் சாமான் மங்கிக் கிடந்தால் மதலேனாவுக்குப் பொறுக்காது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கொட்டகையில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வர்ணம் பூசினோம். வீடும் அடுத்தடுத்த வீடு.

அவள் கணவர் மிக்கேலுக்குச் சர்க்கரையில் பார்வை போய்விட்டது. அவருக்குத் துணை ஒரு பித்தளைக் கடிகாரம். அவர் அப்பா புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல்காரர். அந்தக் குடும்பம் கப்பலேறும்போது கொடுத்தது. சுற்றிலும் கண்ணாடி, மேலே கைப்பிடி, பயணத்துக்கென்றே செய்தது. உச்சியில் உள்ள பட்டனை அழுத்தினால் கடைசியாக அடித்த மணியைத் திரும்ப அடிக்கும். நாலு அடித்தால் மதலேனா வேலை முடிந்து வந்து டீ போடுவாள். அதற்காகவே மத்தியானத்திலிருந்து அழுத்திக்கொண்டிருப்பார்.

போன வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்கு மெழுகுவத்தித் தண்டுகளோடு கடிகாரத்தையும் புளி போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் வைத்துவிட்டாள், மகராசி. இரண்டு வாரத்தில், ஒரு சாயங்காலம் நாலு அடித்த கொஞ்ச நேரத்தில், நின்றுபோனது.

புதுச்சேரிக்கு எடுத்துப் போனோம். ரிப்பேர்க்காரர் ஜஸ்டின் பின்கதவைத் திறந்து பார்த்தார்.

"இதுக்கு ஊசல் கிடையாதுங்க. மேல இருக்குற இந்தச் சின்னச் சக்கரந்தான் இப்டியும் அப்டியும் ஆடும். அதனாலதான் வண்டி குலுங்குனாலும் நிக்காது. அதை ஆட்டுற முடி மாதிரி கம்பி துருப்புடிச்சிப் போச்சு. மாத்துக் கம்பி கிடைக்காது, இனிமே முள்ளு நகராது. மணி அடிக்க வேற ஸ்பிரிங்கு, அது நல்லா இருக்குது. ஆனா எப்ப அழுத்துனாலும் நாலுதான் அடிக்கும்."

பஸ்ஸில் ஊர் வரும்வரை அழுதாள். வீட்டில் மிக்கேல் கோபிக்கவே இல்லை.

"நீ வூட்டுக்கு வர்றது நாலுக்குத்தான? எனக்கு வேற மணி எதுக்கு?"

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மணி ஸ்பிரிங்குக்கு மட்டும் அவள் சாவி கொடுப்பாள்.

போன மாசம், பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே என் மேல் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிப் போனதும் மிக்கேல் தடவித் தடவிக் கடிகாரத்தை எடுத்தார். அழுத்தினார். நாலு அடித்தது. முகத்தை வாசல் பக்கம் திருப்பிக் காத்திருந்தார். மறுபடி அழுத்தினார். மறுபடியும் நாலு.

"இன்னும் காணமே, பூங்கோத" என்றார் என்னிடம்.

எழுந்து உள்ளே போய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.