குழாயைத் திறந்தால் மைக் அக்கா

அந்த ஊரில் மைக் அக்காவின் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரலைத் தெரியாதவர் எவரும் இல்லை. சோபா தள்ளுபடியிலிருந்து தேர்தல் வரை இருபத்தாறு வருடமாக எல்லாவற்றுக்கும் அவள் குரல்தான். காலையில் ஒரு கட்சிக்கு "மறந்துவிடாதீர்கள்" என்பாள். மதியம் சாப்பிட்டுவிட்டு எதிர்க்கட்சிக்கு "ஏமாந்துவிடாதீர்கள்" என்பாள். அதே வண்டி, அதே ஒலிபெருக்கி, ஓட்டுவதும் அதே கணவர். கொடி மட்டும் மாறும். ஒருநாள் அதை மாற்ற மறந்துவிட்டு இருவரும் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

தொழிலில் அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. படிப்பதன் அர்த்தம் மண்டைக்குள் போகக் கூடாது, போனால் தொண்டை அடைக்கும். தாளில் இருப்பதை வாய் பார்த்துக்கொள்ளும். மனசு ராத்திரிச் சமையலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்.

அந்த வாய்தான் வினையாகவும் வந்து சேர்ந்தது. போன தேர்தலில் இப்போதைய கவுன்சிலருக்காக மூன்று வாரம் கத்தினாள். "உங்கள் தெருக் குழாயில் இருபத்துநான்கு மணி நேரமும் குடிநீர்! குறை இருந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளையை எந்நேரமும் அழைக்கலாம்!" முடிவில் அவருடைய கைப்பேசி எண்ணை இரண்டிரண்டாகப் பிரித்து ராகத்தோடு இழுப்பாள். மனிதர் ஜெயித்தார். நான்கு வருடம் ஆயிற்று. குழாய்க்குள் பல்லி குடும்பம் நடத்துகிறது. வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் லாரி வரும், தெருவே குடத்தோடு ஓடும்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சும்மாவா சொன்னார்கள்? சரி, அம்பு எதிர்வீட்டிலேயே குடியிருந்தால் என்ன செய்வதாம்? அக்காவின் எதிர்வீட்டுத் தையல்காரி அவளுக்கு இருபது வருடச் சிநேகிதி. ஒரு டம்ளர் டீயை இரண்டாக ஊற்றிக் குடித்தவர்கள். அவளே ஒருநாள் லாரி வரிசையில் வெடித்துவிட்டாள்.

"அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது. தண்ணி வரும்னு என் காதுல சொன்னது உங்க குரல். உங்களை நம்பித்தானே ஓட்டுப் போட்டேன்?"

"நான் தாள்ல இருந்ததைத்தானே படிச்சேன்?"

"அப்போ உங்க வாய்க்கு ஒரு பொறுப்பும் இல்லையா?"

அதோடு பேச்சு நின்றது. எட்டு மாதம் ஆகியும் அவள் 'அக்கா' என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. ஊரெல்லாம் கேட்கிற குரலுக்கு எதிர்வீட்டு ஜன்னல் மட்டும் சாத்திக்கொண்டது. அக்காவுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தெருக்குழாயில் தண்ணீர் வராமல் அந்த ஜன்னல் திறக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான், கால்சட்டை முழுக்கப் பெயிண்ட் அப்பிய ஒரு பெண் அவளைத் தேடி வந்தாள். கண்காட்சி வைக்கிறாளாம். ஒரு காலி கிடங்கை வாடகைக்குப் பிடித்து, நாலு சுவரிலும் குழாய் மாட்டியிருந்தாள்.

"தொண்ணூறு குழாய் இருக்குக்கா. எதுலயும் தண்ணி வராது. திறந்தா உங்க குரல்ல வாக்குறுதி வரணும்."

"எங்க தெருக்குழாய் மாதிரின்னு சொல்லு. இதுக்குப் பேரு கலையா?"

"ஆமாக்கா."

"அப்போ எங்க கவுன்சிலர் பெரிய கலைஞர்தான் போ!"

கிடங்கின் மூலையில் போர்வைகளைத் தொங்கவிட்டு ஒலிப்பதிவு நடந்தது. ஒரு குழாய்க்கு வேலைவாய்ப்பு, ஒரு குழாய்க்கு முகத்தை ஏழே நாளில் வெளுப்பாக்கும் கிரீம். இன்னொன்று செய்திக் குழாய். "சற்றுமுன் கிடைத்த தகவல்! இன்னும் தகவல் எதுவும் கிடைக்கவில்லை!" என்று அது அலறும். கொஞ்சம் கிண்டலாகப் படிக்கச் சொன்னாள் பெண். அக்காவுக்கு அது வரவே இல்லை. கிரீமோ நாடோ, மனசார நம்புகிறவள் போலத்தான் அவளுக்குப் படிக்க வரும். "அதுதான்க்கா இன்னும் பிரமாதம்" என்று பெண் கைதட்டினாள்.

கடைசித் தாள் குடிநீர். எல்லா ஊரிலும் எல்லாரும் சொல்கிற வரிகள்தான். படிக்கும்போது இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அர்த்தம் உள்ளே போய்விட்டது. தையல்காரியின் முகம் கண்முன் வந்து நின்றது, தொண்டை அடைத்தது. அந்தத் தடுமாற்றத்தில் வாய் தன் பாட்டுக்குப் பழைய தடத்தில் ஓடி, தாளில் இல்லாத பத்து எண்களை ராகத்தோடு இழுத்து முடித்தது. சும்மா ஏதோ எண் என்று நினைத்த பெண், ராகம் நன்றாக இருக்கிறதே என்று அதை முப்பது குழாய்களுக்கு வைத்துவிட்டாள்.

கண்காட்சி திறந்த அன்று கூட்டம் அள்ளியது. குழாயைத் திறக்கிறவர்கள் சிரித்தார்கள். எண்ணைக் கேட்டவுடன் கைப்பேசியில் அடித்தும் பார்த்தார்கள். "தம்பி, தண்ணி எப்போ வரும்?" கலை என்றால் கடைசிவரை பார்க்க வேண்டாமா! மறுநாள் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். ஊர் முழுக்க எண் பரவியது.

முன்பு தெருக்காரர்கள் நாலு பேர் கூப்பிட்டபோது கவுன்சிலர் எடுக்காமல் இருந்துவிட்டார். இப்போது நிமிடத்துக்கு நாலு. எடுக்காமலும் இருக்க முடியாது, கட்சித் தலைமை அழைத்துவிட்டால்? தலைமையும் அழைத்தது. "என்னய்யா, தண்ணி எப்போ வரும்?" என்று அங்கேயும் அதே கேள்வி.

மூன்றாம் நாள் அவர் கிடங்குக்கே வந்து, அங்கிருந்த அக்காவிடம் குதியோ குதியென்று குதித்தார்.

"யாரைக் கேட்டு என் நம்பரைப் போட்டே?"

"நீங்க குடுத்த தாள்ல இருந்ததுதாங்க. எந்நேரமும் கூப்பிடலாம்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?"

"இன்னிக்கே எடுத்துடு. இல்லேன்னா உன் வண்டி இந்த ஊர்ல ஓடாது, பார்த்துக்கோ!"

வண்டிதான் அக்கா வீட்டு அடுப்பை எரிய வைப்பது. பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டே, "வாய் உன்னோடது. நான் டிரைவர்தானே" என்றார். அந்த மனிதர் வாழ்நாளில் இவ்வளவு பெரிய பேச்சுப் பேசியதில்லை.

"அழிச்சிடறேன்க்கா, உங்களுக்கு எதுக்கு வம்பு?" என்றாள் பெண்.

"இருக்கட்டும்மா. நான் இத்தனை வருஷம் படிச்சதுலயே அந்த நம்பர் ஒண்ணுதான் நிஜம்."

கவுன்சிலர் அக்காவின் வண்டியை நிறுத்தவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் கிடங்கு வாசலிலேயே கிடக்கும்போது எப்படி நிறுத்துவார்? பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் தெருவைத் தோண்ட ஆள் வந்தது. கூடவே அக்காவுக்கு ஒரு தாளும் வந்தது. 'குடிநீர் தந்த கொடைவள்ளலுக்கு நன்றி' என்று அறிவிக்க வேண்டுமாம். தாளைக் கொண்டுவந்தவனிடமே அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வரட்டும் தம்பி. வரும்னு சொல்லிச் சொல்லி நான் பட்டது போதும்."

ஒரு வாரம் கழித்து, விடிந்தும் விடியாத நேரம். தெருக்குழாய் இருமியது, செருமியது, கலங்கலாய்த் துப்பியது. பிறகு தெளிந்து ஓடியது. இருபத்துநான்கு மணி நேரமெல்லாம் இல்லை, ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு மணி நேரம்தான். அக்கா அப்போது நல்ல தூக்கத்தில் இருந்தாள். கதவு தடதடவென்று ஆடியது. வெளியே ஒரு குரல், மைக்கும் இல்லாமல் தாளும் இல்லாமல் தெருவையே எழுப்பிக்கொண்டிருந்தது. அக்கா ஓடிவந்து கதவைத் திறந்தாள். இடுப்பில் குடமும், பாதி நனைந்த புடவையுமாகத் தையல்காரி நின்றிருந்தாள்.

"என்னக்கா தூங்கறீங்க? குடத்தை எடுங்க, சீக்கிரம்! நீங்க சொன்ன தண்ணி வந்திருச்சுக்கா!"

ஊருக்கே குரல் கொடுத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடத்தைத் தேடப் போனாள்.