பெட்டி முத்திரையா, எண்ணெய் வளையமா

தாராபுரத்து மெர்சி பதினெட்டு வயதில் கன்னியர் மடத்தாரோடு இத்தாலிக்குப் போனாள். பதினோரு வருஷம் அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. கன்னியாஸ்திரியாகக் கடைசி வார்த்தைப்பாடு கொடுக்காமல் தொண்ணூற்று நாலில் திரும்பிவிட்டாள். அண்ணன் வீட்டில் ஒரு வருஷம் இருந்ததே போதும் என்றாகிவிட்டது. பீளமேட்டில் தம்பிதுரையின் கம்பெனியில் இத்தாலியக் கடிதங்கள் எழுத ஆறு மாதத் தவணையில் வேலை கிடைத்தது. தவணை இந்த மாதத்தோடு முடிகிறது.

அன்றைக்குத் தம்பிதுரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது நாலே வரி. இத்தாலியிலிருந்து வந்த புது மெஷினில் வரும்போதே 'சீல்' உடைந்திருந்தது, வேறு அனுப்பவும்.

"ஏனுங்க சார், எந்த சீலுங்க? பெட்டியில வெச்ச முத்திரைன்னா சிஜில்லோ. ரப்பர் ஸ்டாம்புன்னா டிம்ப்ரோ. மெஷினுக்குள்ள இருக்கறதுன்னா வேற பேருங்க. இங்கிலீசுல கடல்ல ஒரு பிராணிக்கும் சீல்னுதான் பேருங்க."

"சீல்னா சீல்தான் அம்மணி. பதினோரு வருசம் அங்க என்னதான் பேசிட்டிருந்தீங்க?"

"கெழவங்களைக் கஞ்சி குடிக்கச் சொல்லிட்டிருந்தேனுங்க."

அவர் சிரித்துவிட்டு போனை எடுத்தார். மெர்சி ஷெட்டுக்கு நடந்தாள். ஃபிட்டர் மருதாசலம் ஒரு கறுப்பு வளையத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். மோட்டார் தண்டிலிருந்து எண்ணெய் கசியாமல் காப்பது. விளிம்பு கருகிக் கீறியிருந்தது.

"வாரப்பவே இப்படியாங்க?"

"எங்கீங்க, வாரப்ப நல்லாத்தான் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை ஒம்பதரைக்கு நல்ல நேரம். பூசை போட்டு, மொதலாளியம்மா ரங்கநாயகிதான் சுவிச்சைப் போட்டாங்க. எண்ணெய் டின்னு லாரி ஆபீசுலயே கெடக்குது. நான் சொன்னேன், ஆரு கேட்டாங்க. போட்டோ எடுக்கற மட்டும் ஓடுச்சுங்க."

மேஜைக்குத் திரும்பி, அந்த வளையத்துக்கு இத்தாலியனில் குவார்னிட்சியோனே என்று எழுதினாள். 'வரும்போதே' என்ற இடத்தில் நிறுத்தினாள். அதை மாற்றி எழுதினாலும் ஆபீசில் இத்தாலியன் படிக்க வேறு ஆளில்லை. இருந்தும் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"வரும்போதே ஒடஞ்சதுன்னு எழுதலீங்க. பழசை அனுப்பச் சொல்லுவாங்க. கருகுனதைப் பார்த்தாத் தெரிஞ்சுபோயிருமுங்க."

தம்பிதுரை கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல நேரத்துல ஓட்டுனது தப்புங்கறீங்களா?"

"எண்ணெய் ஊத்தாம ஓட்டுனதைச் சொல்றேனுங்க."

ஷெட்டில் யாரிடம் விசாரித்தாள் என்று அவர் கேட்கவில்லை.

"ஊட்ல இது தெரிய வேண்டாம்" என்றார். "நாங்களேதான் ஓட்டிப்போட்டோம்னு எழுதுங்க. மாட்டிக் குடுக்க அவங்க ஆளையும் அனுப்பச் சொல்லுங்க."

எழுதிக் கொண்டுவந்தாள். படிக்கத் தெரியாத தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"அந்த ஆளு வர எப்படியும் ரண்டு மாசமாகும். அவன்கூடப் பேச நீங்கதான் பக்கத்துல இருக்கோணும் அம்மணி."

"இருக்கறேனுங்க" என்று சொல்லி, ஃபேக்ஸ் அனுப்பப் போனாள்.