ஜப்பான் படத்துக்கு எங்கட தமிழ்

நான் ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறேன். நாள் முழுக்க வாயைத் திறக்காமல் முன்னே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் அம்மாவின் வாய் மூடுவதில்லை என்று மகள் சொல்வாள். அதையும் நோர்வே மொழியில்தான் சொல்வாள். பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், பதில் நோர்வே மொழியில் வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இந்த வருடத்தோடு முழுக்கு என்றும் அறிவித்துவிட்டாள். அதுவும் போனால் எங்களுக்கிடையில் தமிழ் என்று என்ன மிஞ்சும்?

சண்டையில்லாமல் நாங்கள் சேர்ந்து இருப்பது ஜப்பான் கார்ட்டூன் பார்க்கும்போது மட்டும்தான். கார்ட்டூன் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். நூலகத்திலிருந்து அவள் எடுத்துவந்த படம் ஒன்றை ரொட்டி சுட்டபடி எட்டிப் பார்த்தேன், ரொட்டி கருகியது. அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானம் என்றால் இருவரும் சோபாவில். எல்லாம் ஒரே ஸ்டூடியோவின் படங்கள். பல வருடங்களாக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு படத்தில் இயந்திர மனிதர்கள் நகரத்தையே துவம்சம் செய்தார்கள். அடுத்ததில் ஒரு கிழவனும் கிழவியும் படம் முழுக்க மழைக்காகக் காத்திருந்தார்கள், வேறொன்றுமே நடக்கவில்லை, நான் அழுதேன். பிறகு ஒரு பள்ளிக்கூட மேசைப்பந்து அணி, பிறகு பல்லுக் கூசும் ஒரு காதல். ஒன்றில் கோடெல்லாம் பென்சிலில் கீறியபடியே நடுங்கும், இன்னொன்றில் நிறம் ஈரமாக வழியும். எங்கள் கதாநாயகர்கள் ஒரு படம் ஓடிவிட்டால் அதே சட்டையை இருபது படத்துக்குப் போடுவார்கள். இவர்கள் ஓடினதை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாய் ஒன்றில் கால் வைப்பார்கள். சில படங்கள் படுமோசம். அவற்றையும் நான் மரியாதையோடுதான் பார்த்தேன்.

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு மகளின் வகுப்பு இந்த ஸ்டூடியோவின் படமொன்றிலிருந்து ஒரு காட்சியை எடுத்தது. ஒலியை நிறுத்தித் திரையில் ஓடவிட்டு, மேடையில் நின்று தமிழில் குரல் கொடுப்பது திட்டம். தீவில் கடை நடத்தும் ஒரு தாய், நகரத்துக்குப் படகேறப் போகும் அவளுடைய மகள், இருவருக்கும் வாக்குவாதம். தாய்க்கு என் மகள் குரல். வசனம் எழுத நான் முந்திக்கொண்டேன். இதைச் சாட்டி அவளைத் தமிழில் பிடித்துவைக்கலாம் என்ற பேராசைதான்.

மினக்கெட்டு எழுதினேன். "என்னடி இது, அம்மாகிட்ட சொல்லாம எங்க கிளம்பிட்டே?" என்று தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் சென்னைத் தமிழ் எழுதுகிறேன் என்ற யோசனையே வரவில்லை. திரையில் ஆள் வாயைத் திறந்தால் இந்தியத் தமிழ்தான் வரவேண்டும் என்பது எங்கள் சனத்துக்கு ரத்தத்தில் ஊறியது. மற்றப் பெற்றோரும் வாசித்துவிட்டு, அசல் சினிமா என்று புகழ்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒத்திகையில் மகள் அதை, ட்ராமில் அடுத்த தரிப்பிடத்தை அறிவிக்கும் குரல் மாதிரி வாசித்தாள். திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தேன். கடைசியில் தாளை மேசையில் வைத்துவிட்டு, விழாவுக்கும் வரவில்லை, இனிப் பள்ளிக்கும் வரவில்லை என்றாள். நானும் விடவில்லை, படம் என்றால் இப்படித்தான் கதைப்பார்கள் என்று சண்டைக்குப் போனேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் என்னைத் தமிழில் ஏசியது அப்போதுதான்.

"அம்மா, அந்த ஸ்டூடியோக்காரர் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு குரல் தேடுகினம். நீங்கள் எல்லாத்துக்கும் ஒரே குரலைப் போடுறியள். எங்கட வீட்டில ஆர் இப்பிடிக் கதைக்கினம்?"

நான் வாயாரப் புகழ்ந்த ஸ்டூடியோவை வைத்தே என் வாயை அடைத்துவிட்டாள். அப்படியென்றால் உனக்கு வந்தபடி கதை என்று தாளை அவள் பக்கம் தள்ளினேன். கோபத்தில் தள்ளியதுதான், பெருந்தன்மை ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு விழாவைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விழாவுக்கு வந்தாள். பக்கத்து நகரமான லில்லெஸ்ட்ரோமிலிருந்து வரும் குடும்பங்கள் வழக்கம்போலப் பிந்தி வந்து கதிரை தேடிக்கொண்டிருந்தன. திரையில் ஜப்பான் தாய் மீன்பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"எங்கை வெளிக்கிட்டிட்டாய்? ஓம், போ, போ. நான் ஒருத்தி இஞ்சை மாடு மாதிரி முறியிறன், நீ போய் ஊர் சுத்து. சாப்பிட்டியோ? சாப்பிட்டிருக்கமாட்டாய். சாப்பிட்டிட்டுப் போய்த் துலை. குளிருது, தொப்பியைப் போடு."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. திரையில் நல்ல கோடை வெயில். தொப்பிக்கு அங்கே வேலையே இல்லை. அது என் பேச்சு. நான் மூச்சு வாங்கும் இடம்கூடப் பிசகவில்லை. இத்தனை வருடமும் சுவரோடுதான் கதைக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இவளோ ஒரு சொல் சிந்தாமல் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறாள். சிரிக்கும் சனத்துக்கு நடுவில் நான் கண்ணைத் துடைத்தேன். பிள்ளை உங்களைத்தான் நக்கலடிக்கிறாள் என்றார் பக்கத்திலிருந்த பெண். தெரியும், சந்தோசமாய் இருக்கிறது என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது, கோபமா என்று நோர்வே மொழியில் கேட்டாள். இல்லை என்றேன். பள்ளியைப் பற்றிக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. என்ன சொல்வாளோ என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன். போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள் தானாகவே சொன்னாள்:

"அந்த ஸ்டூடியோவின்ர பேய்ப் படமொண்டு இருக்கு, நீங்கள் இன்னும் பாக்கேல்லை. அடுத்த வருசம் அதைச் செய்வம். பேய்க்கும் உங்கட குரல்தான்."