இரண்டாம் நம்பர் ரத்தம்

பஸ்ராவின் அஷார் கடைத்தெருவில் ஊறுகாய் விற்கும் மக்கிக்கு ரத்தம் கொடுப்பதில் அலாதிப் பெருமை. கொடுத்துவிட்டு வந்தால் கையில் ஒட்டிய பஞ்சைச் சாயங்காலம் வரை எடுக்க மாட்டான். யாராவது "என்னப்பா ஆச்சு?" என்று கேட்கும்வரை சட்டைக் கை மடித்தபடியே இருக்கும்.

அவன் மனைவி நஜ்லாவின் அண்ணன் தாலிப்பும் கொடுப்பான். துறைமுகத்தில் குமாஸ்தா. மச்சான்கள் இருவரும் ரத்த வங்கிக்குச் சேர்ந்தேதான் போவார்கள். ஒருவன் மட்டும் தனியாகப் போய்ப் பேர் வாங்கிவிடக் கூடாதே!

அந்த வருஷம் ரத்த வங்கி டாக்டர் ஷைமா, ஏ குரூப் கொடையாளிகளில் எந்த உட்பிரிவு எத்தனை பேருக்கு என்று பார்க்க எல்லோரையும் மறுபடி சோதித்தார். தாலிப்புக்கு ஏ-ஒன்று என்று வந்தது. மக்கிக்கு ஏ-இரண்டு.

"ரெண்டா? நல்லாப் பாரு கண்ணு. காலையில ரெண்டு பேரும் ஒரே கடையிலதானே சாப்பிட்டோம்!" என்றான் மக்கி.

டாக்டர் சிரித்துவிட்டார். "இது பரீட்சை ரேங்க் இல்லீங்க. ஏ குரூப்லயே ரெண்டு வகை. ஒண்ணு நிறையப் பேருக்கு இருக்கும், ரெண்டு கொஞ்சம் குறைச்சல். அவ்வளவுதான்."

தாலிப்பின் காதில் விழுந்தது 'குறைச்சல்' மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை விருந்தில் அவன் ஆரம்பித்தான். "அம்மா, மீன் தலையை எனக்கு வை. ரெண்டாம் நம்பர் சரக்குக்கு வால் போதும்." எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது மாமியார்தான். ஊறுகாய்க் காடி வாசனை அடிக்கிற மாப்பிள்ளை என்று அவளுக்கு ஆரம்பம் முதலே ஒரு இளக்காரம். நஜ்லாவும் விடவில்லை. "இப்பத் தெரிஞ்சு என்ன செய்ய? மூணு புள்ள பெத்தாச்சே!"

மக்கி மீன் வாலை மென்று விழுங்கினான்.

குளிர்காலத்தில் மாமியார் ஈர முற்றத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன், ரத்தம் வேண்டும். ஏ குரூப் என்றதும் தாலிப் நெஞ்சை நிமிர்த்தினான். "மகன் நான் இருக்கேன்!"

ஆனால் அவன் ரத்தத்தை அம்மாவின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தபோது குழாயில் திரிதிரியாகத் திரண்டது. குளிர் அலமாரியில் இருந்த ஏ குரூப் பைகளிலும் அதே கதை. டாக்டர் ஷைமாவே வெளியே வந்தார்.

"உங்கம்மா ஏ-ரெண்டு. அதுல சில பேருக்கு ஏ-ஒண்ணு ஒத்துக்காது, உடம்பே எதிர்க்கும். ஓ குரூப் ஏத்தலாம், இப்ப கையிருப்பு இல்ல. ஏ-ரெண்டு யாராவது..."

தாலிப் விட்டத்தைப் பார்த்தான். மக்கி ஒவ்வொரு மடிப்பாக, நிதானமாக, சட்டைக் கையை ஏற்றினான்.

"மச்சான், யாரையாச்சும் தெரியுமா உனக்கு?" என்று கேட்டான்.

"வாயை மூடிக்கிட்டுப் போய்ப் படுடா!"

ஊசி ஏறியதும் மக்கியின் சிரிப்பு போய்விட்டது. மாமியார் ஒருநாளும் அவனைப் புகழ்ந்ததில்லை. ஆனால் கடைசிக் குழந்தை காய்ச்சலில் கிடந்தபோது மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். "இன்னொரு பையும் எடுத்துக்கம்மா," என்றான் மெதுவாக.

"ஒருத்தர்கிட்ட ஒண்ணுதான் எடுப்போம்," என்றார் டாக்டர். பக்கத்து ஊர் ஜுபைரிலிருந்து இன்னொரு ஏ-இரண்டுக்காரர், ஒரு முடிதிருத்துபவர், போன் போட்டதும் ஓடி வந்தார். சோதனையெல்லாம் முடித்து ஏற்றினார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

கண் தெளிந்த மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். மக்கியை ஏற இறங்கப் பார்த்தாள். "இவனுக்குச் சீக்கு கீக்கு ஒண்ணும் இல்லையே?"

"எல்லாம் பாத்துட்டுத்தான் ஏத்தினாங்க அத்தை," என்றான் மக்கி, முகம் சுருங்கி.

அவள் கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டாள். "இளைச்சுட்டியே மாப்பிள்ளே. தாலிப்! நின்னுட்டு என்ன பாக்குறே? போய் இவனுக்குக் கபாப் வாங்கிட்டு வா."

"மழை கொட்டுதும்மா!"

"கொட்டட்டும்."

தாலிப் முனகிக்கொண்டே கிளம்பினான். "வெங்காயம் நிறையப் போடச் சொல்லு மச்சான்!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தான் மக்கி.