இரண்டு கிலோ தங்க ஊசி

சிங்கப்பூரில் என் தம்பிக்குப் பார்சல் ஃபாரம் எழுதிக் கொடுத்த ஆள் ஒரு அரைகுறை. தெரியாத வார்த்தையைத் தெரிந்த மாதிரி எழுதியவன். அவன் எழுதிய இரண்டு வார்த்தையால், என் தம்பி கப்பலை விட்டு இறங்கும்போதே கையில் விலங்கு விழும் என்று ஊரே பேசியது. நாற்பது வருஷமாகியும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

நடந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போவார். நான் மீனைக் கூடையில் சுமந்து போய் விற்பேன். என் ஒரே தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் கூலி வேலை பார்த்தான். அம்மா போன பிறகு நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளை. தை மாதம் அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம்.

கார்த்திகையில் மெட்ராஸ் சுங்க ஆபீஸிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஒன் பேருக்கு சிங்கப்பூர்லேர்ந்து பார்சல் வந்திருக்கும்மா. சுங்கத்துல நிறுத்தி வெச்சிருக்காங்க. உள்ள தங்கத்துல செஞ்ச ஊசி, ரெண்டு கிலோன்னு போட்டிருக்கு. நீ நேர்ல வந்து பதில் சொல்லணுமாம்."

அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தங்கம் என்றாலே போலீஸ், கோர்ட்டு, ஜெயில். நான் வீடு திரும்புவதற்குள் செய்தி குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. வலை சரி பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "இன்னாக்கா, வலை கட்டற ஊசியையே தங்கத்துல அனுப்பிட்டானா ஒன் தம்பி? நூலு வெள்ளியா?" எல்லாரும் சிரித்தார்கள். நான் அவளைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஆனால் மறுநாளே பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தது. இந்த விஷயம் தீரட்டும், அப்புறம் கல்யாணத்தைப் பேசலாம் என்றார்கள். அன்றைக்கு நான் மீன் கூடையைத் தூக்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "இன்னாமே பண்ணி வெச்சிருக்கான் ஒன் தம்பி? ஒன் பேரு வேற போட்டிருக்கான். நம்பளயும் சேத்துல்ல உள்ள தள்ளுவாங்க?" பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். "அனுப்பினவன் யாருன்னே தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடு. பார்சல் போனா போவுது."

நான் சரி என்றேன். தம்பியைக் காப்பாற்றத்தான் இப்படிச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு ஜெயிலை நினைத்துப் பயம். அதை விடக் கேவலம், மூன்று வருஷம் கண்ணில் படாத பையன், பணத்தாசையில் ஏதாவது செய்திருப்பானோ என்று நானும் பாதி நம்பிவிட்டேன்.

படகில் ஏரியைக் கடந்து, பொன்னேரிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ் போனோம். ஆபீஸ் வாசல் வரைக்கும் வீரமாக வந்த என் வீட்டுக்காரர், காக்கிச் சட்டையைப் பார்த்ததும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். "நீ போய் வாமே, நீ நல்லா பேசுவே" என்றார்.

உள்ளே ஒரு அதிகாரி. ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் மை ஒழுகிய கறை. மேசை மேல் துணியில் தைத்த ஒரு பொட்டலம், அரக்கு முத்திரையோடு இருந்தது. என் பேர், அப்பா பேர், ஊர் எல்லாம் கேட்டு எழுதினார்.

"இதை அனுப்பினவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாது சார்."

"அவரோட அப்பா பேரும் உங்க அப்பா பேரும் ஒண்ணா இருக்கே?"

"எங்க ஊர்ல அந்தப் பேர்ல ஆயிரம் பேரு இருக்கான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிக்க இன்னா சார் இருக்கு? எனக்குத் தம்பியே கெடயாது. நாங்க மானத்தோட பொழைக்கற ஜனங்க. சும்மா கூப்ட்டு வெச்சுத் திருட்டுப் பட்டம் கட்றீங்களா?" சத்தம் போட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. சொன்னதை எழுதித் தரச் சொன்னார். ஐந்தாம் வகுப்புத் தமிழில் எழுதினேன். 'இதை அனுப்பியவர் எனக்கு உறவு இல்லை. எனக்குத் தம்பி கிடையாது.' கீழே கையெழுத்தும் போட்டேன்.

அதை வாங்கி வைத்துவிட்டு, சாட்சிக்கு ஒருவரைக் கூப்பிட்டு, என் கண் முன்னாலேயே பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளேயிருந்து பளபளவென்று நாலு சுருள் மேசையில் உருண்டது. தங்கம் இல்லை. கண்ணாடி மாதிரி நைலான் நரம்பு.

"அய்யோ, தங்கூசி!" என்று கத்திவிட்டேன்.

எங்கள் பக்கம் வலை பின்னுகிற அந்த நைலான் நரம்புக்குத் தங்கூசி என்றுதான் பேர். அதில் தங்கமும் இல்லை, ஊசியும் இல்லை. உள்ளே என்ன என்று கேட்டவனிடம் என் தம்பி 'தங்கூசி' என்று சொல்லியிருக்கிறான். அந்த அரைகுறை அதை இரண்டாக உடைத்து, தங்க ஊசி என்று இங்கிலீஷில் எழுதிவிட்டான். தினமும் பத்து முறை அந்த வார்த்தையைச் சொல்கிற எனக்கும், வாத்தியார் படித்தபோது அது உறைக்கவில்லை.

அதிகாரி சிரித்தார். "ரெண்டு கிலோ தங்கம், விலை நாற்பது டாலர்னு போட்டிருந்தது. இந்த விலைக்குத் தங்கம் கிடைச்சா நானே வேலையை விட்டுட்டு சிங்கப்பூர் போயிடுவேன். ஏதோ தப்பு நடந்திருக்குன்னுதான் உங்களை வரச் சொன்னேன்."

நான் சிரிக்கவில்லை. சுருள்களுக்கு நடுவில் ஒரு சின்னத் தைல பாட்டில் இருந்தது. அதைச் சுற்றி ஒரு காகிதம். 'அக்கா கழுத்துக்கு' என்று அவன் கோணல் எழுத்தில் எழுதியிருந்தான். கூடை சுமந்து சுமந்து எனக்குக் கழுத்து வலி. அது அவனுக்கு அங்கேயும் ஞாபகம் இருந்திருக்கிறது. அவன் யாரென்றே தெரியாது என்று நான் கையெழுத்துப் போட்ட காகிதம் அதே மேசையில், ஒரு சாண் தள்ளி இருந்தது.

அதிகாரி அந்தத் துண்டுக் காகிதத்தைப் படித்தார். அதை என் பக்கம் தள்ளி வைத்து, "இப்ப சொல்லுங்கம்மா, யார் அனுப்பினது?" என்றார்.

"என் தம்பி சார்" என்றேன்.

அவர் நான் எழுதியதைக் கையில் எடுத்தார். "எழுத்தே சரியா இல்லையே, படிக்கவே முடியலை. வேற எழுதிக் குடுங்க" என்று சொல்லி நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். என் எழுத்து அவ்வளவு மோசம் இல்லை. புதுக் காகிதத்தில் 'என் கூடப் பிறந்த தம்பி' என்று எழுதினேன்.

தங்கூசி என்றால் என்ன என்று கோப்பில் விளக்கம் வேண்டும் என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நரம்பில் ஒரு முழம் வெட்டி, அவர் மேசைக் காலில் கட்டி, நாலு கண்ணி பின்னிக் காட்டினேன். நாங்கள் வாய் திறந்து விளக்குகிற விஷயம் இல்லை அது. அவர் அந்தக் குட்டி வலையை அப்படியே கோப்பில் குத்தி வைத்தார். 'மீன் வலை நரம்பு, தங்கம் அல்ல' என்று தமிழில் சொல்லிக் காட்டிவிட்டு இங்கிலீஷில் எழுதினார். நரம்புக்கு உண்டான தீர்வையைக் கட்டினேன். அதில் ஒரு பைசா குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தம்பி மேல் எந்த வழக்கும் இல்லை என்று ஒரு சீட்டும் கொடுத்தார். அதைப் பெண் வீட்டில் கொண்டு போய் நீட்டினேன்.

தை மாதம் தம்பி வந்தான், கல்யாணம் நடந்தது. ஃபாரம் கதையைச் சொல்லி ஊரோடு சேர்ந்து அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். கிழிந்த காகிதத்தைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சண்டை வரும்போதெல்லாம் "ஒன் தம்பிகிட்ட சொல்லிடுவேன்மே" என்று மிரட்டுவார். ஆனால் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

ஊர் சந்தேகப்பட்டதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். நானும் சந்தேகப்பட்டேன் என்பதுதான் இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருக்கிறது.

தம்பி, இந்தப் பத்திரிகையை நீ வாராவாரம் வாங்குகிறாய், இதைக் கட்டாயம் படிப்பாய். 'உடு யக்கா' என்று வீட்டுக்கு வந்து சிரித்து மழுப்பாதே. எனக்குத் தம்பியே கிடையாது என்று எழுதிக் கொடுத்தவள் நான். என்னை மன்னித்தாயா இல்லையா என்று இதே பத்திரிகைக்கு உன் கையால் எழுது. ஊரே படிக்கட்டும்.