எந்த எண்ணெய் என்று தெரியாதவர்

ஆய்வுக்கூடத்தில் அவரைச் சிவப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எலியின் இதயத்தை மெல்லிய சீவலாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் போட்டால், கொழுப்புத் துளிகள் மட்டும் சிவப்பாகத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அவற்றை எண்ணுவது அவர் வேலை. நகக்கண்ணில் ஏறிய சாயம் பட்டப்பெயராகவும் ஒட்டிக்கொண்டது.

எலிகள் நான்கு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்தின் தீனியிலும் வேறு வேறு எண்ணெய். எது இதயத்தில் அதிகக் கொழுப்பைச் சேர்க்கிறது என்பதுதான் கேள்வி. கூண்டிலும் தகட்டிலும் நிறப் புள்ளி மட்டும் இருக்கும். எந்த நிறத்துக்கு எந்த எண்ணெய் என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அவருக்கே தெரியாது என்பதை வீட்டில் யாரும் நம்பவில்லை.

"நம்ம வீட்டுக்கு எந்த எண்ணெய்தான் வாங்கறது, சொல்லேன்" என்பார் கணவர், கடைக்குப் பையைத் தூக்கும்போதெல்லாம்.

"எனக்கே தெரியாதுங்க."

"ஆமா, பெரிய ராணுவ ரகசியம்!"

இந்த முறை ஆய்வுக் கட்டுரையில் சிவப்பக்காவின் பெயரும் வரும் என்று ஆய்வை நடத்தும் மேடம் சொல்லியிருந்தார். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பாதிக்கு மேல் எண்ணியும் ஆயிற்று.

அன்று சாப்பாட்டு வேளையில், எலிகளுக்குத் தீனி வைக்கிறவர் எதிரே வந்து உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர்.

"எத்தனை தடவை கழுவினாலும் கை நாறுதுக்கா. அந்தப் பச்சைப் புள்ளிக் கூண்டுல ஒரே மீன் எண்ணெய் வாடை..."

"ஐயோ, வாயைக் கட்டுய்யா!"

"என்னக்கா, சாப்பிடறப்ப நாத்தத்தைப் பத்திப் பேசிட்டேனா?"

பிற்பகல் பச்சைப் புள்ளித் தகடு ஒன்று கையில் வந்தது. மீன் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று எங்கோ படித்தது மண்டைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் மங்கலாக ஒரு துளி. நேற்றாக இருந்தால் எண்ணியிருப்பார். இன்று, தூசியாக இருக்குமோ என்று மனசு கேட்டது. அதோடு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் எண்ணும் வேலை வேறு கைக்குப் போகலாம்; கட்டுரையில் வரவிருந்த பெயரும் கூடவே போகும். வழியில் யாரிடமும் நிற்காமல் மேடம் அறைக்குப் போய், மீன் எண்ணெய் முதல் தூசி வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுவரைக்கும் எண்ணினதெல்லாம் தெரியறதுக்கு முன்னாடிதானே?"

"ஆமா மேடம்."

"அது அப்படியே இருக்கட்டும். மீதித் தகட்டுல புள்ளியைப் பிச்சுப் போட்டுட்டு, கலைச்சு, வெறும் நம்பர் ஒட்டித் தரேன். எண்ணுங்க."

"நானேவா?"

"ஒரு தூசிக்காக எழுந்து வந்தவங்களை விட்டுட்டு நான் வேற யாரைத் தேட?"

சாப்பாட்டு மேஜையில் எலிப் பேச்சு கூடாது என்று தீனிக்காரருக்கும் உத்தரவு போனது. மறுநாள் அவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, வெகுநேரம் தவித்து, "மழை வரும்போல இருக்குல்லக்கா?" என்றார்.

"தாராளமா வரட்டும்" என்று சிரித்துக்கொண்டே, சிவப்பக்கா அடுத்த தகட்டை எண்ணக் கிளம்பினார்.