குழாய்க்குள் பூசிய திருநீறு

இதை எழுத ஏழு வருஷமாகப் பயந்தேன். இரண்டு தரம் நோட்டு வாங்கி, முதல் வரியோடு மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் ஏரிக்கரை ஊரில் டச்சுக் கல்லறைப் பக்கம் பஸ் ஏறி, பொன்னேரியில் ரயில் பிடித்து, ஒரு கல்லூரியின் ஒளி ஆராய்ச்சிக் கூடத்துக்கு அட்டெண்டர் வேலைக்குப் போய்வந்தேன். அங்கே சுண்ணாம்புக்குளத்துப் பெண் ஒருத்தி டாக்டர் பட்டத்துக்குப் படித்தாள். எங்கள் உப்பேரியில் மீன்பிடிக்கிற வீடு, அப்பா இல்லை. என்னை நைனா என்பாள். உலையில் இருக்கும் கண்ணாடிக் குழாய்க்குள் செமிகண்டக்டரை மெல்லிய ஏடாகப் படிய வைப்பாள். நீல வெளிச்சம் பட்டால் அந்த ஏடு சிவப்பாக ஒளிரும். எனக்குக் காட்டியபோது கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு அவள் ஊருக்குப் போயிருந்தாள். எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்த நான், அவள் குழாயை மட்டும் எப்படி விடுவது? வெளியே பூசினால், தொடக்கூடாத குழாயைத் தொட்டது கண்ணில் படும் என்று மூடியைத் திறந்து, உள்ளே மூன்று விரலால் திருநீறு இழுத்தேன். அவள் படிப்பு நல்லபடி முடியவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் செய்தேன். அப்புறம் பயம் வந்து துண்டால் துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு செய்த ஏடு ஒன்றுகூட ஒளிரவில்லை. மாதக்கணக்கில் செய்து பார்த்தாள். சோதனையில் ஏதோ உப்பு கலந்திருப்பதாக வந்தது. புரொபசர் எல்லார் முன்னாலும், "ஏரித் தண்ணி இன்னும் உங் கைய விட்டுப் போகலையாம்மா?" என்றார். சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து கையுறை போடுமுன் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில், அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போனது.

சாம்பலில் அந்த உப்பு இருக்குமா என்று ஒரு நாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"நெறைய இருக்கும். இன்னாத்துக்கு நைனா கேக்குறீங்க?"

"சும்மாதாம்மா."

அன்றைக்குச் சொல்லியிருந்தால் குழாயை மாற்றியிருப்பாள், அவ்வளவுதான். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். சாமி பிரசாதத்தைக் குறை சொல்லக்கூடாது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பட்டம் வாங்காமலே போனாள். "என் கைக்கு இதெல்லாம் ஒத்து வரல நைனா" என்றுதான் கடைசியாகச் சொன்னாள். பிறகு தேடிப் போனேன். கல்யாணமாகி ஆந்திரப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள். கோயிலில் திருநீறு தரும்போது எனக்குக் கை நீள்வதில்லை.

இதை யாரிடம் சொன்னாலும், தெரியாமல் செய்தான் பாவம் என்று எனக்காகச் சேர்க்காதீர்கள். தெரிந்த பிறகும் சும்மா இருந்தான் என்பதை விடாதீர்கள். எந்த ஊரிலோ அவள் காதில் விழும்போது, ஏடு கெட்டது அவள் கையால் இல்லை என்பது அப்படியே போய்ச் சேரவேண்டும்.